மார்கழிப் பாட்டில் பேரனுக்கு இடம் உண்டா?

கேள்வி: என் பேரனுக்கு 9 வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, பாட்டென்றால் உயிர். சென்ற மார்கழியில் எங்கள் ஊர்க் கோயிலில் திருவெம்பாவை பாடும் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். ஜால்ரா சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கத்திவிட்டான். 'நாளையிலிருந்து வீட்டிலேயே இருக்கட்டும் ஆச்சி' என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்கே யூதர்களின் ஜெப ஆலயங்களில் இத்தகைய பிள்ளைகளையும் சேர்த்துப் பாட வைக்கிறார்கள் என்கிறாள். அது எப்படி?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் பேரன் கத்தியது பாட்டு பிடிக்காமல் அல்ல, ஜால்ராவின் ஓசையை அவன் காது தாங்கியிருக்காது.

உங்கள் மகள் சொல்வதை எல்லா ஜெப ஆலயங்களுக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால், அந்த வழிபாட்டின் அமைப்பே அதற்கு இடங்கொடுக்கிறது. ஒருவர் துதி சொல்ல, சபையார் 'ஆமென்' என்று ஏற்றுச் சொல்கிறார்கள். துதி சொல்பவரைவிட ஆமென் சொல்பவரே மேலானவர் என்றொரு கருத்து, யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தால்முத்திலேயே இருக்கிறது. 'நிகுன்' எனப்படும் மெட்டுகளோ பெரும்பாலும் சொற்களே இல்லாதவை என்பதால், எபிரேய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பிள்ளையும் பெரியவர்களோடு சேர்ந்து அவற்றைப் பாடிவிட முடியும்.

இந்த மனநிலை அங்கும் எளிதில் வந்துவிடவில்லை. காது கேளாத, வாய் பேசாத ஒருவரைப் பழைய யூதச் சட்டம் சிறுவர்களோடு சேர்த்துச் சமயக் கடமைகளிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. சைகை மொழியில் பேசுபவரும் முழுத் தகுதி உடையவரே என்று அமெரிக்காவில் யூத சமயப் பிரிவுகளில் ஒன்றான கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு முடிவெடுத்தது 2011-இல்தான். விலக்கு அளிப்பது சலுகைபோலத் தெரிந்தாலும், ஒருவரைச் சபைக்கு வெளியே நிறுத்துவதாகவே அது முடிகிறது. 'வீட்டிலேயே இருக்கட்டும்' என்று உங்களிடம் பரிவோடு சொல்லியிருந்தாலும் அதன் பொருள் இதுவேதான்.

திருவெம்பாவையின் 20 பாடல்களும் 'ஏலோர் எம்பாவாய்' என்றே முடிகின்றன. அந்த 'எம்பாவாய்' உங்கள் பேரனுடைய பங்காகட்டும். கார்த்திகையிலேயே வீட்டில் தொடங்கிவிடுங்கள்: நீங்கள் பாடி வந்து, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். சொல் வராத நாளில் ஒரு முனகலோ, தொடையில் ஒரு தட்டோ போதும். கோயிலில் ஜால்ராவிலிருந்து தள்ளி, தூணோரமாக, எழுந்து வெளியே போக வசதியான இடத்தில் அவனை அமர்த்துங்கள். முதல் சில நாட்களுக்குக் கைத்தாளத்தோடு மட்டும் பாட முடியுமா என்று பாட்டு நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முதல் நாள் ஒரே ஒரு பாட்டு இருந்தால் போதும். அவன் எழுந்தால் நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள், மறுநாள் மறுபடியும் அழைத்துப் போங்கள்.