சிங்கப்பூர் போன்ற அவசர ஊரில் ஒருவர் சூபி வழியில் நடக்க முடியுமா?

சூபி வழி என்பது தர்காவுக்குப் போய் வருவதுதானா, காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் ஒருவருக்கு அதெல்லாம் சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியை வைத்துப் பார்த்தால், நீங்கள் முப்பது வயதை ஒட்டியவர் என்றும், வீட்டுப் பெரியவர்கள் மவ்லிது என்னும் நபி புகழ்ப் பாடல்களை ஓதுகிறவர்கள் என்றும், நண்பர்கள் அதைத் தவறு என்று சொல்கிறவர்கள் என்றும், இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் அங்கேதான் நின்றேன். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோரும் அதே இடத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றிவிடுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆலிம் அல்ல, மார்க்கக் கல்வி கற்றவன் அல்ல. துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மார்க்கச் சட்டம் கேட்க வேண்டுமென்றால் தக்கவரிடம் கேளுங்கள். நான் சொல்லப்போவது என் அனுபவம் மட்டுமே.

தர்கா பற்றிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவை 1828க்கும் 1830க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பினார்கள். அங்கே யாரும் அடக்கம் செய்யப்படவில்லை. 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, அவர் பெயரைச் சொல்லிக் கடல் கடந்து வந்தவர்கள் நன்றிக்காக எழுப்பிய இடம் அது. அப்போது கடல் அந்தத் தெருவின் விளிம்பு வரை இருந்தது. அதே தெருவில் சீனர்கள் தங்கள் கடல் தேவதைக்கு தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். ஓலைக் குடிசையாக 1827இல் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசலும் அங்கேதான் இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது வாப்பா என்னைத் தர்காவுக்கு அழைத்துப் போவார். பாத்திஹா ஓதி முடித்ததும் கையில் விழும் இனிப்பான நார்சாவுக்காகவே நான் போவேன். 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கட்டடம், 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அது இந்த ஊரில் நம் வேர். ஆனால் அங்கே போனவரெல்லாம் சூபியும் அல்ல, போகாதவரெல்லாம் சூபித்துவத்துக்கு விரோதியும் அல்ல. இதற்கு மேல் இதில் வாதிட ஒன்றும் இல்லை என்று நான் நினைக்கிறேன். பின்னூட்டத்தில் வாதிடப் போகிறவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அப்படியானால் சூபி வழி என்பது என்ன? ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து நபிகள் நாயகத்திடம் (ஸல்) கேட்ட கேள்விகளை நீங்கள் மதரசாவில் படித்திருப்பீர்கள். இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன என்று கேட்ட பிறகு, இஹ்சான் என்றால் என்ன என்று கேட்டார். அல்லாஹ்வை நேரில் காண்பது போல வணங்குவது, நீ அவனைக் காணாவிட்டாலும் அவன் உன்னைக் காண்கிறான் என்பதே பதில். பெரியவர்கள் தஸவ்வுப் என்று சொன்னது அந்த மூன்றாவது கேள்வியின் விரிவைத்தான். தொழுகையையும் நோன்பையும் விட்டுவிட்டு அதற்குக் குறுக்கு வழி ஏதும் இல்லை. கைபேசியில் சூரிய அஸ்தமனப் படத்தோடு சூபிக் கவிஞர் ரூமி சொன்னதாக வலம் வரும் வாசகங்களில் பெரும்பாலானவற்றைப் படித்தால், 1273இல் கொன்யாவில் மறைந்த அந்த மனிதர் மார்க்க அறிஞராக இருந்து வேளை தவறாமல் தொழுதவர் என்பதே யாருக்கும் நினைவுக்கு வராது.

அவசர ஊரில் முடியுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. பெரும் மார்க்க அறிஞரான கஸ்ஸாலி இமாம் 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்துப் பதவியை உதறிவிட்டு வெளியேறிய கதையைப் படித்துவிட்டு, வேலையை விட்டால்தான் இது கைகூடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாடம் நடத்த வாய் திறந்தால் ஒரு சொல்லும் வராத அளவுக்கு அவருக்கு நாக்கு கட்டிக்கொண்டது. நமக்கு அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. தவிர, பதினோராம் ஆண்டில் அவர் நைஷாபூரில் மறுபடியும் பாடம் நடத்தத் திரும்பினார் என்பதை யாரும் சொல்வதில்லை. நக்‌ஷபந்தி என்னும் சூபி வழியில் 'கல்வத் தர் அஞ்சுமன்' என்று ஒரு விதி உண்டு. கூட்டத்தின் நடுவே தனித்திருத்தல் என்று பொருள். ஷாதுலி வழியின் இமாம், சீடர்கள் தொழிலை விட்டுவிட்டுப் பிறர் கையை எதிர்பார்ப்பதை விரும்பியதில்லை. நம் தக்கலை பீர் முஹம்மது அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஞானப்புகழ்ச்சி' பாடிய அவர் தறியில் நெய்து பிழைத்தவர் என்றே மரபு சொல்கிறது. ஆக, எட்டு மணி நேர வேலை ஒரு தடையே அல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

2009ஆம் ஆண்டு, எனக்கு நாற்பத்தைந்து வயது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவந்த ஒரு முதிய ஹஜ்ரத்திடம் வியாழன் இரவுகளில் போய் உட்கார ஆரம்பித்திருந்தேன். அவர் எனக்குக் கொடுத்தது, நாளொன்றுக்கு நூறு ஸலவாத்து, அதாவது நபிகள் மீது வாழ்த்து ஓதுவது, அவ்வளவுதான். நூறு எனக்குப் போதவில்லை. கேலாங் சிராயில் மூன்று வெள்ளிக்கு, மோதிரம் போல விரலில் மாட்டிக்கொள்ளும் எண்ணிக்கைக் கருவி ஒன்றை வாங்கினேன். பொத்தானை அமுக்க அமுக்கச் சிறிய கண்ணாடியில் எண் ஏறும். காலையில் எம்.ஆர்.டி. ஏறியதும் தொடங்கினால் பூன் லே நிலையத்தில் இறங்குவதற்குள் ஐந்நூறு, மாலை திரும்பும்போது ஐந்நூறு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் என் விரலைப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதும் நடந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து ஒரு வியாழன், கண்ணாடியில் 41,260 என்று இருந்ததை ஹஜ்ரத்திடம் காட்டினேன். அவர் கருவியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த சிறு பொத்தான் எதற்கு என்று கேட்டார். எண்ணிக்கையை அழிப்பதற்கு என்றேன். அமுக்கிவிட்டார். ஐந்து பூஜ்யங்கள் தெரிந்தன. எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பெரியவர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, வேலை செய்யும் இடத்தில் இந்த ஒரு வருடத்தில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள்?” என்று கேட்டார்.

பதினோரு பேர் என்றேன். பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஏழு பெயர்கள் வந்தன. எட்டாவது ஆளைப் 'புதுக்கோட்டைப் பையன்' என்றேன். அடுத்தவரைக் 'கண்ணாடி போட்டவர்' என்றேன். மற்ற இருவரும் பங்களாதேஷ்காரர்கள் என்றேன். ஹஜ்ரத் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் யாருக்காவது நீங்கள் கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். யோசித்து அடுத்த வியாழன் வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ரயில் ஜூரோங் கிழக்கைத் தாண்டும்போது நினைவுக்கு வந்தது. அந்தப் புதுக்கோட்டைக்காரர் ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தார். ஏன் என்று கேட்டதற்கு லாரி ஓட்டுநர்கள் முன்னிலையில் எனக்கு எதிர்த்துப் பதில் சொன்னார். அந்த மாத நேர அட்டையில் அவருடைய ஓவர்டைமில் நான்கு மணி நேரத்தை நான் அடித்துவிட்டேன். மணிக்கு 3 வெள்ளி 90 காசு, மொத்தம் 15 வெள்ளி 60 காசு. சம்பள நாளில் அவர் உறையைப் பிரித்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். 'பையனுக்கு' ஒழுங்கு கற்பித்துவிட்டதாக எண்ணி அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வியாழன் சொன்னேன். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையில் உள்ளதை அழுது கேட்டால் அவன் மன்னிப்பான், மனிதர்களின் உரிமையை உரியவரிடம் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும் என்று ஹக்குல் இபாது பற்றி விளக்கினார். அது முடியும் வரை ஐந்து வேளைத் தொழுகை போதும், விரலில் எதையும் மாட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டாம் என்றும் சொன்னார். சிக்கல் என்னவென்றால், அந்த மனிதர் வேலை அனுமதி முடிந்து நான்கு மாதங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

இந்த இடத்தில் சிலர், “இதில் சூபித்துவம் எங்கே வந்தது, எந்த நல்ல மனிதரும் செய்வதுதானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் நல்ல மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லையே! நப்ஸ் என்னும் என் அகங்காரம் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாததை, என்னைப் பார்த்த மாத்திரத்தில் இன்னொருவர் கண்டுகொண்டார். ஷெய்கு என்னும் வழிகாட்டி எதற்கு, கிதாபு (நூல்) போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் தரக்கூடிய பதில் இது ஒன்றுதான். வேறு சிலர், ஷெய்கைக் கண்மூடிப் பின்பற்றுவது வழிகேடு என்பார்கள். கண்ணை மூடச் சொல்லும் ஷெய்கை விட்டு ஓடத்தான் வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காசு கேட்பவர், கனவு சொல்பவர், தன் கையை முத்தமிடுபவர்களை எண்ணிப் பார்ப்பவர் ஆகியோரிடம் போகாதீர்கள். 2017 முதல் இங்கே மார்க்கம் போதிக்கும் எவரும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் அங்கீகாரத் திட்டத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது அவமரியாதை அல்ல.

இந்த வழி எப்போதும் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறது. 1925இல் துருக்கி அரசு, நவீனத்துக்கு ஒவ்வாதது என்று தரீக்காக்கள் என்னும் சூபி அமைப்புகளின் மடங்களை மூடியது. 2017 நவம்பரில் எகிப்தின் சினாய் பகுதியில், சூபிகள் தொழும் பள்ளிவாசல் என்பதற்காக ஜும்ஆ நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். நம் ஊரில் நல்லவேளையாகச் சண்டை வாயளவில்தான். இருந்தாலும், மையித்து (சாவு) வீட்டில் பாத்திஹா ஓதலாமா கூடாதா என்று இறந்தவரின் மகன்கள் வாசலில் நின்று வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கிடையில் என் பாட்டி நாள்தோறும் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு என் அலமாரியில் இருக்கிறது. அரபு எழுத்தில் எழுதிய தமிழ் அது. என் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், பள்ளியில் தமிழும் படித்தார்கள், ஆனால் அந்த இரண்டும் சேர்ந்த பக்கத்தை அவர்களால் படிக்க முடியவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபின் 'பராபரக் கண்ணி'யையாவது தமிழ் எழுத்தில் வாங்கிப் படியுங்கள் என்று சொன்னால், நேரமில்லை என்கிறார்கள். எது கூடும், எது கூடாது என்று சண்டை போட மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும், தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கூடும் தேக்காவில் நின்று, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களைக் கண்டால் விசாரித்தேன். கடைசியில் அவருடைய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கிடைத்து, பெயரும் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்கித் தந்தார். நூறு வெள்ளியாக அனுப்பிவிடட்டுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். 15 வெள்ளி 60 காசு கடன், மீதி உங்கள் பெருமைக்கு அனுப்புவது என்றார். ஐந்நூறு ரூபாய்ச் சொச்சத்தை அனுப்புவதற்காக நான் வரிசையில் நின்றதைப் பார்த்துப் பணம் அனுப்பும் கடைக்காரர் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. எதற்குப் பணம் அனுப்பினீர்கள் பாய் என்று சந்தேகத்தோடு கேட்டார். நேர அட்டையில் நான்கு மணி நேரத்தை அடித்ததையும் மன்னிப்புக் கேட்பதையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“நாலு மணி நேரம் இல்லை பாய், ஆறு மணி நேரம்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேக்காவுக்குப் போய், அதே வரிசையில் நின்று, 7 வெள்ளி 80 காசு அனுப்பினேன்.