பொத்தான் போட முடிகிறதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 59. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஏற்றுவார்கள், பிறகு 46 மணி நேரம் வீட்டிலேயே பம்ப். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் 12, ஏழு முடிந்தது. நோயைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. வந்தது வந்துவிட்டது. என் மேஜையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடமாகச் சாவி கொடுக்கும் பழைய வாட்ச்களைப் பழுதுபார்க்கிறேன். தொழில் இல்லை, யாரிடமும் காசு வாங்கியதில்லை. வேலை விட்டு வந்து கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் பசிகூடத் தெரியாது. பல வருடம் நின்றுகிடந்த வாட்சில் பேலன்ஸ் வீலை இறக்கி வைத்ததும், அது ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நிற்கும். பிறகு தானே இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வருடமும்.

போன மாதம், நான் பம்ப்போடு படுத்திருந்த இரண்டு நாளில், என் மனைவி அந்த மேஜையை ஒழித்துவிட்டாள். ட்வீசர், ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்க் குப்பி எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு பரணுக்குப் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிக் கழுவிக் காயவைத்திருந்த 17 ஜுவல் (உள்ளே 17 சின்னக் கல் பதித்த) வாட்ச் ஒன்றும் அதிலேயே இருக்கிறது. எந்த ஸ்க்ரூ எந்த இடத்துக்கு என்பது என் தலையில்தான் இருந்தது.

கேட்டால், "கையில் குத்திக்கொண்டீர்களே" என்கிறாள். ஒரே ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி இடது ஆட்காட்டி விரலில் ஏறிவிட்டது. டயலில் சிவப்பாக ஈஷியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இந்த வேலையில் குத்துப்படாத கை உண்டா? அதைப் பெரிதாக்கி மேஜையையே ஒழிப்பதா?

மைத்துனர் வந்திருந்தபோது, "பிழைத்து வந்தால் போதாதா மாமா, இந்த நேரத்தில் வாட்ச் ஒரு கேடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பழைய நண்பர் ஒருவர் போன் பண்ணி நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் என் சின்ன லேத்தை விற்கிற எண்ணம் உண்டா என்றார். உயிரோடு இருக்கும்போதே பங்கு பிரிக்கிறார்கள்.

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் "சட்டைப் பொத்தான் போட முடிகிறதா?" என்று கேட்பார், முடிகிறது என்பேன். (ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு மனைவிதான் போட்டுவிடுகிறாள். அதைச் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். எதற்கு வம்பு.) அவரிடம் வாட்சைப் பற்றியெல்லாம் பேச முடியுமா?

கீமோ ஏறின முதல் நாலைந்து நாள் ட்வீசரைத் தொட்டாலே ஷாக் அடித்த மாதிரி இருக்கும், அது எனக்கும் தெரியும். அந்த நாட்களில் நான் தொடப் போவதில்லை. அப்புறம் தொடலாம் அல்லவா? மேஜை இருந்தால் உட்கார்ந்தாவது இருப்பேன். என்னைக் கேட்காமல் ஒழித்துவிட்டாள். முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம்.

—

அன்புள்ள நண்பருக்கு,

மேஜையைக் கேட்காமல் ஒழித்தது தவறு. நோயாளியின் சாமான்களை அவர் படுத்திருக்கும்போது அப்புறப்படுத்தினால், அவர் மனதில் அது வேறு மாதிரித்தான் படும். லேத்தைக் கேட்ட நண்பரும் அந்தக் கேள்வியை விழுங்கியிருக்கலாம். மைத்துனரிடம் பிறகு வருகிறேன்.

நான் அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். முழுக் கடிதத்திலும் அவசரமான விஷயம் அது ஒன்றுதான். அதை இரண்டு வரியில் எழுதி, "எதற்கு வம்பு" என்று மூடியும் வைத்துவிட்டீர்கள்.

அந்தப் பொத்தான் கேள்வியை டாக்டர் பேச்சுவாக்கில் கேட்கவில்லை. ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பை எவ்வளவு தொட்டிருக்கிறது என்று அளக்க அவரிடம் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நோயாளியின் வாய்தான் கருவி. விரல் நுனி மரத்திருக்கிறது, வேலை கெடவில்லை என்றால் முதல் படி. பொத்தான், பேனா, சாவி போன்ற நுண்வேலை தடுமாறினால் இரண்டாம் படி. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவதற்கே இன்னொருவர் கை வேண்டும் என்றால் மூன்றாம் படி. நீங்கள் "முடிகிறது" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் உங்கள் கோப்பில் முதல் படி ஏறுகிறது. வீட்டில் உங்கள் சட்டையை இன்னொருவர் பூட்டிவிடுகிறார்.

இதில் இரண்டு விதமான தொந்தரவு இருக்கிறது, நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். ட்வீசரைத் தொட்டால் ஷாக் அடிப்பது குளிரால் தூண்டப்படுவது. குளிர்ந்த இரும்பு, குளிர்ந்த தண்ணீர், குளிர்ந்த காற்று எதிலும் வரும். தொண்டை இறுகுகிற மாதிரிகூட இருக்கும். சில நாளில் போய்விடும், அடுத்த கீமோவில் மறுபடி வரும். மற்றது சத்தமில்லாமல் வருவது. ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில் போகாமல் தங்கிவிடும் மரத்தல் அது. மொத்தம் ஏறிய மருந்தின் அளவோடு சேர்ந்து வளரும். ஸ்க்ரூ டிரைவர் விரலில் ஏறியும் டயலைப் பார்த்துத்தான் தெரிந்தது என்கிறீர்களே, அது இந்த இரண்டாவது வகையின் வேலை. குத்துப்படாத கை இல்லைதான். ஆனால் குத்தினது தெரியாத கையோடு நீங்கள் இதற்கு முன் வேலை செய்ததில்லை.

இன்னொன்று. கீமோ நின்ற அன்றே இது நிற்காது. கடைசி டோஸுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் மரத்தல் கூடிக்கொண்டே போய், பிறகுதான் இறங்கத் தொடங்கும். அதனால் "12-ம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்ற கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் ஓடும்.

பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சொன்னால் மருந்தை மாற்றக்கூடும். பெரும்பாலும் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். பம்பில் வருகிற மருந்து தொடரும். அதைச் சிகிச்சையைக் கைவிடுவதாக நினைக்காதீர்கள், தினமும் நடக்கிற முடிவு அது. இந்த மருந்துக்கூட்டைப் பற்றிய முக்கியமான மொசைக் ஆய்வு 2004-ல் வெளியானது. அதில் கடுமையான நரம்புப் பாதிப்பு சிகிச்சையின்போது சுமார் 12 சதவீதம் பேருக்கு வந்தது. முடிந்து ஒரு வருடத்தில் 1 சதவீத அளவுக்கு இறங்கியது. மனதுக்குத் தெம்பான எண்தான். ஆனால் அந்த ஆய்வில் நரம்பு கெட்டால் டோஸைக் குறைக்கவும் நிறுத்தவும் விதி இருந்தது. கேட்டபோது உள்ளதைச் சொன்னவர்களின் கைகள் அவை. மறைத்து வைத்த கைக்கு அந்த எண் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. 2018-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில், மூன்றாம் நிலையிலேயே ஆபத்து குறைவான சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே ஏறத்தாழப் போதும் என்றும், மரத்தல் வெகுவாகக் குறைகிறது என்றும் தெரிந்தது. உங்கள் கட்டிக்கு, உங்கள் மருந்துக்கூட்டுக்கு அது பொருந்துமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். குறைக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள். இப்போது அந்த நாற்காலியில் பக்கத்துப் படுக்கைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

இனி மைத்துனர். "பிழைத்தால் போதாதா, வாட்ச் ஒரு கேடா" என்று அவர் சொன்னதற்கு நீங்களும் சிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் சிரிப்பாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அவர் சொன்னதை நம்பிவிட்டீர்கள். அதனால்தான் "அவரிடம் வாட்சைப் பற்றியெல்லாம் பேச முடியுமா" என்று என்னைக் கேட்கிறீர்கள். உயிரைக் காப்பாற்ற வந்தவரிடம் விரலைப் பற்றிப் பேசுவது பேராசை என்று உங்களுக்கே கூச்சம். விரலா உயிரா என்று ஒருவரும் கேட்காத கேள்விக்கு, ஒருவரையும் கேட்காமல், நீங்களே பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த இழப்பின் துக்கம் தாங்காமல் இப்போது மேஜைக்காகச் சண்டை போடுகிறீர்கள்.

வாட்சைப் பற்றிப் பேசலாம், பேசித்தான் ஆக வேண்டும். அரை மில்லிமீட்டர் ஸ்க்ரூவை எடுத்து வைக்கிற கை உங்களுடையது. விரல் நுனியில் கொஞ்சம் மரத்தால் இன்னொருவருக்கு அது தெரியவே வராது, உங்களுக்கு இருபத்தாறு வருடம் போய்விடும். டோஸ் முடிவு செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேட்காமல் ஒழித்தது தவறு என்றாலும், உங்கள் மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், கேட்காமல் ஒழித்துவிட்டாள் என்று. காலையில் உங்கள் சட்டையைப் பூட்டிவிட்டு, அதே சட்டையோடு உங்களை டாக்டரிடம் கூட்டிப்போகிறவர் யார்? அவர் பக்கத்தில் இருக்கும்போதே "முடிகிறது" என்கிறீர்கள். அங்கே மறுத்தால் உங்களை அவமானப்படுத்தியதாகும், பேசாமல் இருந்தால் பொய்க்கு உடந்தை. உங்கள் கை கெடுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். வாய் திறக்க முடியாதவரும் அவர்தான். பரணில் ஏற்றிய பெட்டி, அவரால் சொல்ல முடிந்த ஒரே வாக்கியம் என்று எனக்குப் படுகிறது. அவருக்குப் புரியவைப்பது எப்படி என்று கேட்டீர்கள். அவருக்குப் புரிந்திருக்கிறது. பொத்தான் விஷயத்தில் அவரை மாட்டிவிட்டதற்கு நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேஜைப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.

எட்டாவது கீமோவுக்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கீமோவிலிருந்து மரத்தல், எந்தெந்த விரல், எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, கால் விரலும் உண்டா. கீமோ முடிந்து 3, 7, 13-ம் நாள்களில் எப்படி இருக்கிறது. பதின்மூன்றாம் நாளும் போகாமல் இருந்தால் அதைத் தடித்த எழுத்தில். பேனா, சாவி, டம்ளர் நழுவியது. விரலில் குத்தியும் தெரியாதது. எரிச்சலோ வலியோ இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். வலிக்கு டுலாக்ஸடின் என்ற மாத்திரை சிலருக்குக் கேட்கிறது, வெறும் மரத்தலுக்கு அது மருந்தில்லை. யாராவது நரம்புக்கு நல்லது என்று அசெட்டில் எல் கார்னிடைன் வாங்கித் தந்தால் தொடாதீர்கள். வேறொரு வகைக் கீமோவில் சோதித்தபோது நரம்புப் பாதிப்பு கூடியிருக்கிறது.

கழற்றி வைத்த 17 ஜுவலுக்காகக் கவலை வேண்டாம். எண்ணெய் போட்டு வைத்தால்தான் நாளாவட்டத்தில் கெட்டிப்படும். கழுவிக் காய்ந்த உதிரிகளை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். தலையில் இருக்கும் ஸ்க்ரூ வரிசையை மட்டும் இன்றே படம் போட்டு எழுதிவிடுங்கள். கீமோ சிலருக்கு மறதியும் தரும்.

பெட்டி இறங்கினால்கூட, பேலன்ஸ் வீலை ஆட்டும் அந்த மயிரிழைச் சுருள், ஹேர் ஸ்பிரிங் பக்கம் போகாதீர்கள். ட்வீசரின் அழுத்தம் விரலுக்குத் தெரியாவிட்டால் ஒரே அமுக்கில் வளையும். வளைந்ததை நிமிர்த்துவது நல்ல விரலுக்கே எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். கை அரிக்கிறது என்றால் பெரிய அலாரம் கடிகாரம் ஒன்றை எடுங்கள், மெயின் ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டு. கருவிகளின் பிடியில் தடியாகத் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இரும்பின் குளிரும் தாக்காது. கூர்மையானதைத் தொடுமுன் தட்டணு, வெள்ளணு எண்ணிக்கை எப்படி என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். வெள்ளணு இறங்கியிருக்கும்போது சின்னக் குத்தும் சீழ் பிடிக்கலாம், தட்டணு இறங்கியிருந்தால் ரத்தம் எளிதில் நிற்காது. பெட்ரோலில் கழுவுகிற வேலை இப்போதைக்கு வேண்டாம். எழுந்திருக்கும்போது பத்து விரலையும் விளக்கடியில் கண்ணால் பாருங்கள். தரையில் விழுந்த ஸ்க்ரூ காலில் ஏறினாலும் தெரியாது, செருப்போடு உட்காருங்கள்.

அடுத்த தடவையும் உங்கள் மனைவி உள்ளே வரட்டும். டாக்டர் பொத்தானைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். மேல் பொத்தானைக் கழற்றி, அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிடமும் அதற்கே போனால் போகட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்