யாரும் சிரிக்கவில்லை என்றால் படம் எடுபடவில்லையா?

யாரும் சிரிக்கவில்லை, சிலர் இடையிலேயே எழுந்து போய்விட்டார்கள் என்கிறீர்கள்; ஆனாலும் எடுபடவில்லை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கிளிநொச்சியில் நீங்கள் திரையிட்ட ‘தி லொப்ஸ்டர்’ படம் 2015இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதைப் பாராட்டிய விமர்சகர்களிலேயே பலர் இரண்டாம் பாதி தொய்வு என்றார்கள். மண்டபத்தில் கைதட்டல் இல்லாதது அதிசயமில்லை.

காரணம் அந்த இரண்டாம் பாதிதான் என்று நினைக்கிறேன். துணையில்லாதவர்களை ஒரு விடுதியில் தங்கவைத்து, குறித்த நாளுக்குள் துணை தேடாவிட்டால் விலங்காக்கிவிடும் கதை இது. அதற்கு அடங்காமல் காட்டில் ஒளிந்து வாழ்பவர்கள் தங்கள் புதைகுழியைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டும்; நாயகன் அதற்குள் படுத்து, தன்மேல் மண்ணை அள்ளிப் போடுகிறான். ஐரோப்பாவில் அது நகைச்சுவை. 2009க்கு முன் போர்க்காலத்தில் பதுங்குகுழி வெட்டிய கைகள் அந்த மண்டபத்தில் எத்தனை இருந்திருக்கும்! யார் சிரிப்பார்கள்?

ஒன்று செய்து பாருங்கள். விடுதிக் காட்சிகளை மட்டும் இன்னொரு நாள் நாலைந்து பேருக்குப் போடுங்கள். 45 நாளில் துணை கிடைக்காவிட்டால் எந்த விலங்காக வேண்டும் என்று கேட்க, நாயகன் நூறாண்டு வாழும் என்று சொல்லி லொப்ஸ்டரை, அதாவது சிங்க இறாலைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே உதடு அசைந்தால் சிக்கல் காட்டில்தான். அங்கும் அமைதி என்றால் துணையெழுத்தைச் சந்தேகியுங்கள்: உணர்ச்சியே இல்லாமல் பேசுவதுதான் இதில் பகிடி, எழுத்தில் அது வெறும் வசனமாகிவிடும்.

ஆனால் இடையில் எழுந்து போனவர்களிடம் காரணம் கேட்டுத் துருவாதீர்கள். அடுத்த முறை நாய் கொல்லப்படும் காட்சியையும் புதைகுழியையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுவரொட்டியில் ‘நகைச்சுவைப் படம்’ என்று போடவும் வேண்டாம்.