உள்ளே தொடங்கிய படிப்பு வெளியே வந்ததும் நிற்கக் கூடாது: சில கேள்விகளுக்குப் பதில்

கோவை மத்திய சிறையில் சில வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். இப்போது குன்னூரில் இருக்கிறேன், விடுதலையாகி மலைக்குத் திரும்புகிறவர்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போய் வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் நாலுக்குப் பதில் எழுதுகிறேன்.

கூடலூர் அக்கா: சார், என் தம்பி சிறையிலேயே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முதல் வருடம் முடித்தான். போன மாதம் வெளியே வந்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து சேரணுமா?

வேண்டாம் அம்மா. பதிவு எண் அவர் பேரில்தான் இருக்கிறது, எழுதித் தேறிய பாடங்கள் அப்படியே நிற்கும். மூன்று வருட பி.ஏ.வை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. படிப்பு மையத்தை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். பதிவு எண் கையில் இல்லையென்றால் உள்ளே படிப்பைக் கவனித்த ஆசிரியருக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லணும். நான் பார்த்தவரை பாடம் கஷ்டம் என்று யாரும் நிறுத்தவில்லை. ஆதாரில் பழைய போன் நம்பர், அது எப்போதோ செத்துப்போயிருக்கும், ஓ.டி.பி. வராது, அது வராததால் பேங்க் கணக்கும் நகராது, ரேஷன் கார்டில் பேர் எடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு கவுண்டரிலும் "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க" என்று கேட்பார்கள், மூன்றாவது கவுண்டரில் மனுஷன் உடைந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அங்கேதான் படிப்பு நிற்கிறது. அதனால் முதல் மாதம் நீங்கள் கூடவே போங்கள். ஆதார் மையத்தில் நம்பர் மாற்ற வேறு ஆவணம் கேட்பதில்லை, அவர் நேரில் வந்து கைரேகை வைத்தால் போதும். அதை முதலில் முடியுங்கள்.

கோத்தகிரி விவசாயி: மூன்று ஏக்கர் தேயிலை இருக்கிறது. தண்டனை முடித்து வந்த ஒருவரைக் கவாத்து வேலைக்கு, அதாவது செடி வெட்டிவிட, வைக்கலாமா? மற்ற ஆட்கள் என்ன சொல்வார்களோ?

வையுங்கள் ஐயா. அவர் கதையை நீங்களாக யாரிடமும் சொல்ல வேண்டாம், அது அவர் சொல்ல வேண்டியது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலி, அதே நாளில். வேறு வழக்கில் வாய்தா இருந்தால் லீவு கொடுங்கள். வயதும் விருப்பமும் இருந்தால் குன்னூர் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) பற்றி விசாரித்துச் சொல்லுங்கள், முதலாளி வாயிலிருந்து வரும்போது அதற்குத் தனி மதிப்பு.

குன்னூர்: விடுதலையானவருக்கு ஓட்டு உண்டா?

உண்டு. சிறைக்குள் இருக்கும்போதுதான் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பேர் இல்லாவிட்டால் படிவம் 6 கொடுங்கள்.

ஊட்டி தம்பி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஒரு வழக்கில் தண்டனை அனுபவித்து வந்தேன். வக்கீலாக முடியுமா?

முடியும் தம்பி. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை வக்கீலாகப் பதிவு செய்ய வழக்கறிஞர் சட்டத்தின் 24ஏ பிரிவு தடை போடுகிறது, சரி. ஆனால் விடுதலையாகி இரண்டு வருடம் கழிந்ததும் அந்தத் தடை விலகிவிடும் என்று அதே பிரிவு சொல்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு சட்டப் படிப்பே ஐந்து வருடம். நீங்கள் படித்து முடிப்பதற்குள் அது தீர்ந்திருக்கும்.

விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள். அரசு வேலைக்கும் இதேதான்: 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்ட விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றது. சொன்னால் வேலை நிச்சயம் என்று அர்த்தமில்லை, மறைத்தால் கிடைத்த வேலையும் போகலாம்.

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள், இந்த இரண்டையும் எழுதுங்கள். அடுத்த வாரம் ஊட்டி வருகிறேன், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.