மண் டிராக் ஜிப்ஸியில் பெட்ரோல் லைனை எந்த வழியாகக் கொண்டுபோவது?

ராயபுரம் பட்டறையில் ஜிப்ஸியை மண் டிராக் ரேஸுக்குத் தயார் செய்வதாகச் சொல்லி, பெட்ரோல் லைன் (டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) எந்த வழி என்று கேட்டிருக்கிறீர்கள். லைனை சேசிஸ் சட்டத்தின் உள்பக்கமாக ஓட்டுங்கள், ஆனால் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு (எஞ்சின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) நேராக வேண்டாம். அதன் மூட்டான யு-ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் சுழன்று அடிக்கும். பக்கத்தில் இருக்கும் குழாய் பிழைக்காது. அடிப்பக்கம் தொங்கவிட்டால் கல்லே கிழித்துவிடும். சைலன்சர் குழாயின் எதிர்ப்பக்கம்தான் நல்லது.

நீளம் முழுக்க உலோகக் குழாய், எஞ்சின் ஆடும் இடத்தில் மட்டும் சிறு ரப்பர் ஹோஸ். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அதிக அழுத்தம் தாங்கும் வகை. குறைந்த அழுத்தத்துக்கான கார்புரேட்டர் வண்டி ஹோஸ் ஆகாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். நம்ம பக்கம் உப்புக்காற்று வேறு, கிளாம்ப் அடியில் துரு பிடிக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

அப்புறம், பெல்ட் போட்டபடியே ஓட்டுநருக்குக் கை எட்டும் இடத்தில், வண்டியின் பெட்ரோல் பம்பை நிறுத்தும் சுவிட்ச் வையுங்கள்.