பிஸ்கட் மேல் சீஸ்: எந்த டப்பாவை வாங்குவது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு 20 பேர் வருகிறார்கள். உப்பு பிஸ்கட் மேல் சீஸ் தடவி, கொஞ்சம் ஜாம் வைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கடையில் க்ரீம் சீஸ், சீஸ் ஸ்ப்ரெட், க்யூப், ஸ்லைஸ் என்று அடுக்கியிருக்கிறார்கள். எதை வாங்க? — வாசகி, திருச்சி

பதில்: க்ரீம் சீஸ் வாங்குங்கள். உப்பு குறைவு, லேசான புளிப்பு உண்டு, மேலே வைக்கிற இனிப்பு எடுபடும். சீஸ் ஸ்ப்ரெட் தானாகவே கரிக்கும். உப்பு பிஸ்கட்டோடு சேர்ந்தால் ஜாம் இருப்பதே தெரியாது. ஸ்ப்ரெட்தான் கிடைத்தது என்றால், மேலே உப்புத் தூவாத க்ரீம் கிராக்கர் பிஸ்கட்டாகப் பாருங்கள். க்யூப், ஸ்லைஸ் எல்லாம் சாண்ட்விச்சுக்குச் சரி.

விலையை ஒப்பிட டப்பாவின் முகப்பைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. 180 கிராமும் 200 கிராமும் அலமாரியில் ஒரே உயரம்தான். எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அடுத்து, சேர்பொருள் பட்டியல். எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பால், க்ரீம் என்று தொடங்காமல் தண்ணீர், தாவர எண்ணெய் என்று தொடங்கினால் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பீட்சா படம் போட்ட சில பாக்கெட்டுகள் இந்த ரகம்.

ஒரு பிஸ்கட்டுக்கு 8 கிராம் தாராளம். ஆளுக்கு மூன்று என்றால் 60 பிஸ்கட், கிட்டத்தட்ட 480 கிராம் சீஸ். மூன்று டப்பா வாங்கத் தேவையில்லை. 200 கிராம் டப்பா இரண்டு போதும். மீதிக்கு அரை லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஒரு ராத்திரி பிரிட்ஜில் வடியவிட்டுக் கலந்துகொள்ளுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இனிப்புக்கு என் ஓட்டு கொய்யா ஜெல்லிக்கு. பிரேசிலில் கொய்யாவையும் சீஸையும் ரோமியோ ஜூலியட் என்றே சொல்கிறார்கள். ஜெல்லி கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிற ஜாமே போதும்: நாலு ஸ்பூன் ஜாமில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, காய்ந்த மிளகாயைக் கையால் நொறுக்கிப் போட்டுக் கலக்குங்கள். குழந்தைகளுக்கு மிளகாய் இல்லாமல் தனியாக எடுத்து வையுங்கள். சீஸ் மேல் அரை ஸ்பூன், அதன் மேல் வறுத்த வேர்க்கடலை ரெண்டு. முன்கூட்டியே செய்து அடுக்கினால் பிஸ்கட் நமத்துவிடும். கேக் வெட்டும் நேரத்தில் தடவ ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

கேள்வி: வாங்கிய சீஸ் டப்பாவின் மூடி உப்பியிருந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். — வாசகர், மதுரை

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். உப்பிய டப்பாவைத் திறந்து ருசி பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு ஒருமுறை மேனேஜரைப் பாருங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.