கணவருக்கு 57 வயது, கருக்கள் உறைநிலையில்: வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற வழி உண்டா?

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கிறோம். எனக்கு 48 வயது, கணவருக்கு 57. குழந்தை இல்லை. தொடர் ரத்தப்போக்கால் 2018இல் என் கர்ப்பப்பையை அகற்றினார்கள், சினைப்பைகளை எடுக்கவில்லை. 2019 இறுதியில் என் கருமுட்டையையும் கணவரின் விந்தணுவையும் சேர்த்து உருவாக்கிய மூன்று கருக்களை ஒரு மருத்துவமனையில் உறைய வைத்தோம். கொரோனாவும் பண நெருக்கடியும் வந்து காரியம் நின்றுபோனது. இப்போது என் கடைசித் தங்கை சுமக்க முன்வந்திருக்கிறாள். அவளுக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். ஆனால் மருத்துவமனையில், 'கணவருக்கு 55 தாண்டிவிட்டது, சட்டப்படி முடியாது' என்கிறார்கள். அங்கே அறிமுகமான ஒருவரோ, 20 லட்சம் கொடுத்தால் வயதுச் சான்று உட்பட எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? - வாசகி

பதில்: நம்பாதீர்கள் அம்மா. அவரிடம் முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு நேர்வழி இருக்கிறது.

மருத்துவமனை சொன்னது பாதி உண்மை. 2021ஆம் ஆண்டின் வாடகைத் தாய் (ஒழுங்குமுறை) சட்டம் 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி மணம் செய்துகொண்ட இந்தியத் தம்பதியில் மனைவிக்கு 23 முதல் 50 வயதும், கணவருக்கு 26 முதல் 55 வயதும் இருந்தால்தான் தகுதிச் சான்று கிடைக்கும். கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண்ணுக்கு 35 முதல் 45 வரை. மணமாகாத பெண்ணுக்கும், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இடமே இல்லை. இது நியாயமா என்று கேட்டால் என் பதில் 'இல்லை' என்பதுதான். ஆனால் அது இன்னொரு நாள் பேச வேண்டியது.

மீதிப் பாதியை மருத்துவமனை உங்களுக்குச் சொல்லவில்லை. 2025 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, கே.வி.விஸ்வநாதன் அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. சட்டம் வருவதற்கு முன்பே வாடகைத் தாய் முறையைத் தொடங்கி, கருமுட்டையும் விந்தணுவும் எடுத்து, கருவை உருவாக்கி உறைய வைத்துவிட்ட தம்பதிகளுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்பதே அதன் சாரம். இயற்கையாகக் கருத்தரிக்கும் தம்பதியிடம் யாரும் வயது கேட்பதில்லையே என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. உங்கள் கருக்கள் உறைந்தது 2019இல். சட்டம் பிறந்தது அதற்குப் பிறகு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. கரு உறைநிலையில் இருப்பது மட்டும் போதாது. அதை வாடகைத் தாயின் கர்ப்பப்பையில் வைக்கும் எண்ணத்தோடுதான் உறைய வைத்தீர்கள் என்பது தெரிய வேண்டும். தன் கர்ப்பப்பையிலேயே பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று கரு சேமித்த தம்பதிக்கு இதை நிரூபிப்பது கடினம். உங்களுக்கு எளிது. 2018இலேயே கர்ப்பப்பை இல்லை. 2019இல் உருவான கருவை வேறொரு பெண் சுமப்பதைத் தவிர வேறு எதற்காக உறைய வைத்திருக்க முடியும்? ஆகவே அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியும், அகற்றிய கர்ப்பப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கையும்தான் உங்களுடைய முதன்மைச் சான்றுகள். அவற்றோடு கரு உறைய வைத்த அன்று இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், எத்தனை கரு, எந்தத் தேதி, எத்தனையாம் நாள் கரு என்று எழுதி ஆய்வகத்தார் கையொப்பமிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் கட்டிய சேமிப்புக் கட்டண ரசீதுகள் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். ரசீதுகளில் ஓர் ஆண்டு விடுபட்டிருந்தால் இப்போதே மருத்துவமனையில் நகல் கேளுங்கள், எழுத்துமூலமாகவே கேளுங்கள். கருவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்க சட்டம் இடம் தரவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்தத் தாள்களோடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்யுங்கள். உங்களைப் போன்ற மற்றத் தம்பதிகள் அந்தந்த உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றமே வழிவிட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன பிறகும் ஒவ்வொரு தம்பதியும் வக்கீல் வைத்து வழக்குப் போட்டுத்தான் தீர வேண்டுமா? ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் முடிகிற வேலை இது. ஐம்பதைக் கடந்தவர்களைக் கோப்பும் கையுமாக அலைய விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தீர்ப்பு விலக்கியது தம்பதியின் வயது வரம்பை மட்டுமே. கர்ப்பப்பை இல்லை என்ற மருத்துவச் சான்றை மாவட்ட மருத்துவ வாரியத்திடம் நீங்கள் வாங்கியாக வேண்டும். குழந்தை யாருடையது, யார் பொறுப்பு என்று முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணையும் பெற வேண்டும். குழந்தை பிறந்த பிறகு பிறப்புப் பதிவுக்கு அந்த ஆணைதான் ஆதாரம். தங்கையின் பெயரில் 36 மாதக் காப்பீடும் எடுக்க வேண்டும். இவற்றில் எதையும் தரகர் 'முடித்துத் தர' முடியாது. அவர் முடித்துத் தருவது போலித் தாள்.

2025இல் செகந்திராபாத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வாடகைத் தாய் மூலம் உங்கள் குழந்தை பிறந்துவிட்டது என்று சொல்லி, ஒரு தம்பதியிடம் சுமார் 35 லட்சம் வாங்கிக்கொண்டு ஒரு பச்சிளங்குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். மரபணுச் சோதனையில் அது அவர்களுடைய குழந்தையே இல்லை என்று தெரிந்தது. ஏழைத் தம்பதியிடம் விலைக்கு வாங்கிய குழந்தை என்றது போலீஸ். நம் ஊரும் விலக்கல்ல. போலி ஆதார் காட்டி ஒரு 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்ற கொடுமை 2022இல் ஈரோட்டில்தான் வெளிவந்தது. வயதைத் தாளில் மாற்றுவது இவர்களுக்குக் கைவந்த கலை. மாட்டிக்கொண்டால் தரகருக்கு மட்டும் சிறை என்று எண்ண வேண்டாம். வணிக நோக்கிலான வாடகைத் தாய் முறையை நாடும் தம்பதிக்கே முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தித் தருகிறேன் என்பார்கள். அந்தத் தாள் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் பயன்படும்.

தங்கைக்கும் கைம்மாறாகப் பணமோ நகையோ தராதீர்கள். மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் அனுமதிக்கும் செலவுகள் இவ்வளவுதான் தரலாம். உங்களுக்கு அது பாசம். விசாரிக்கும் அதிகாரிக்கு அது கூலி.

எனக்குள்ள பெரிய கவலை தங்கையின் வயதுதான். கருவை வைக்கும் நாளில் சுமக்கும் பெண்ணுக்கு 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவருடைய வயதைத் தொடவில்லை. வாரியம் கூடவில்லை, அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்று மாதங்கள் ஓடும். ஆகவே மனுவிலேயே தங்கையின் பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, இத்தனை வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிடும்படி கேளுங்கள். அவருடைய உடல், மனநலத் தகுதிச் சான்றுகளுக்கான பரிசோதனைகளையும் வழக்கு முடியும்வரை காத்திராமல் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.